பின்பால் மெஷினைத் தூக்கும் வண்டியும் 40 செ.மீ. தள்ளிவைத்த கைப்பிடியும்

நேற்றுச் சாயங்காலம் ஒரு பின்பால் மெஷினின் (காசு போட்டு, சாய்வான பலகையில் இரும்புக் குண்டை அடித்து விளையாடும் பெட்டி) எட்டுக் கால் போல்ட்டுகளையும் கழற்றி, கீழே இறக்கி, வாசலைத் தாண்டி உருட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றினேன். தனியாள்தான். முதுகு பிடிக்கவில்லை, மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை. இதற்காக ஒரு ஹைட்ராலிக் தூக்குவண்டியை வெட்டியும் ஒட்டியும் நான்கு வார விடுமுறை நாட்களைத் தின்றிருக்கிறேன். அதில் பாதி நாட்கள் வீண். எங்கே வீணானது என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

மெஷின் 1990களில் வந்த வில்லியம்ஸ் கம்பெனியின் டபிள்யூ.பி.சி. (உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைத் தொகுதியின் பெயர்) வகை. எடை 118 கிலோ, நானே நிறுத்துப் பார்த்தது. பெட்டி 56 செ.மீ. அகலம், 131 செ.மீ. நீளம். மேலே கண்ணாடியும் மின்னணுப் பலகைகளும் இருக்கிற தலைப்பெட்டி கீல் போட்டது, முன்பக்கமாக மடித்துப் படுக்க வைக்கலாம். வழக்கமாக இதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து கால்களைக் கழற்ற வேண்டும். தூக்கிப் பிடிப்பவருக்குக் கை கடுத்துப்போகும் நேரமும் கடைசி போல்ட்டு அடம்பிடிக்கும் நேரமும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். அப்படி ஒருமுறை கட்டைவிரல் நசுங்கிய பிறகுதான் வண்டி வாங்கினேன்.

வாங்கியது பட்டறைகளில் பார்த்திருப்பீர்களே, அதே சாதாரண மேசை வண்டி. காலால் பெடலை மிதித்தால் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கிட்ட கைகள் விரிந்து மேசை மேலே ஏறும். கைப்பிடியில் இருக்கும் லீவரை அழுத்தினால் இறங்கும். மேசை 70 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். தாழ்ந்த நிலையில் தரையிலிருந்து 22 செ.மீ., முழுதாக ஏறினால் 72 செ.மீ. தாங்கும் எடை 225 கிலோ என்று பட்டையில் அடித்திருந்தது. மெஷின் 118 கிலோ, வண்டி தாங்குவது 225. அப்புறம் என்ன கவலை என்று நினைத்தேன். அந்த 225 கிலோ மேசை முழுக்கச் சமமாகப் பரவி இருக்கும் எடைக்கான கணக்கு என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மெஷின் காலில் நிற்கும்போது அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 56 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வண்டியை முன்னாலிருந்து உள்ளே தள்ள இடம் தாராளம். ஆனால் கைப்பிடி நட்டுக்குத்தாக நிற்கிறதே, அது பெட்டியின் முன்முகத்தில் இருக்கும் காசுக் கதவில் போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் வண்டி உள்ளே போகாது. 131 செ.மீ. நீளப் பெட்டியில் முன்பக்கம் 70 செ.மீ. மட்டும் மேசைமேல் இருக்கும், மீதி அந்தரத்தில்.

மேசை நீளம் போதவில்லை, நீளமான பலகை போட்டால் போயிற்று என்று முடிவு கட்டினேன். 18 மி.மீ. பிளைவுட்டில் 110 செ.மீ. நீளம், 47 செ.மீ. அகலம் வெட்டி, மேல் முழுக்கக் கம்பளம் சுற்றி, ஸ்டேப்ளர் அடித்து, நான்கு எம்8 போல்ட்டுகளால் மேசையில் இறுக்கினேன். பார்க்க அருமையாக இருந்தது.

அந்தப் பலகையில் செய்த தப்புகள் மூன்று. அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

முதலாவது, போல்ட்டு. வெறும் மேசையை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது கடைசி நாலு செ.மீ. இறங்காமல் நின்றது. மேசைக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் காடி மாதிரி ஒரு தடம் இருக்கிறது, கத்தரிக் கைகளின் உருளை அதில் ஓடும். என் போல்ட்டின் வால் ஒன்று சரியாக அந்தத் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. துளை போடும் முன் மேசையைத் தூக்கி அடியில் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. (தூக்கிப் பார்க்கும்போது கத்தரிக் கைகளுக்கு நடுவே ஒரு தடித்த மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத் தலையை நீட்டுங்கள். லீவரில் யாராவது தெரியாமல் கை வைத்தால் கட்டைதான் தாங்கும்.)

இரண்டாவது, அகலம். முன்கால்களுக்கு இடையே டேப் வைத்து அளந்தேன், 48 செ.மீ. வந்தது. ஆனால் அளந்தது தரைக்குப் பக்கத்தில். பின்பால் காலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பாதத்தில் ஒடுங்கி, மேலே போகப் போக அகலமாகும் கோணத் தகடு அது. பெட்டியைத் தொடும் இடத்தில் இரண்டு கால்களுக்கும் இடைவெளி 44.5 செ.மீ.தான். வண்டி கீழே இருக்கும்போது சுகமாக உள்ளே போன பலகை, மேலே ஏறும்போது முன்கால்களின் விளிம்பில் போய் மாட்டியது. 42 செ.மீ.க்கு அறுத்தேன். சுற்றியிருந்த கம்பளம் பாழ்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. அறுத்த பலகையோடு மறுபடி உள்ளே தள்ளி மிதித்தேன். உதவிக்குத் தம்பி ஒருவன் மெஷினுக்குப் பின்னால் நின்றான். பெட்டி பலகையில் உட்கார்ந்தது. நாலு கால்களும் தரையை விட்டன. சந்தோஷத்தில் இன்னும் இரண்டு மிதி மிதித்தேன்.

“அண்ணே, நிறுத்துங்க, என் பக்கம் சாயுது.”

குனிந்து பார்த்தால், என் காலடியில் இருந்த வண்டிச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்திருந்தன. அடுத்த நொடி மெஷினின் பின்கால்கள் தொப்பென்று தரையில் இறங்கின. நாலு செ.மீ. உயரம்தான், ஆனாலும் ஒரு பாதத்தின் திருகு வளைந்துபோனது. அந்தக் கால்கள் மட்டும் கழற்றப்பட்டிருந்தால் மெஷின் பின்பக்கமாக விழுந்து, தலைப்பெட்டி சுவரில் மோதியிருக்கும்.

பலகையை நீட்டினால் பெட்டிக்கு ஆதரவு கிடைக்கும், உண்மைதான். ஆனால் வண்டி கவிழுமா கவிழாதா என்பதைச் சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. எடையின் நடுப்புள்ளி முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே விழ வேண்டும். விழாவிட்டால் மேலே எவ்வளவு அழகான பலகை போட்டாலும் ஒன்றுதான்.

சரி, அந்த நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? அதை ஊகிப்பதை விட்டுவிட்டுக் குளியலறை எடைக்கருவியை எடுத்துவந்தேன். முன்கால்கள் இரண்டையும் தாங்குகிற மாதிரி ஒரு பலகையைக் கருவியின்மேல் வைத்து, பின்கால்களுக்கு அடியில் அதே உயரத்துக்குக் கட்டைகளைக் கொடுத்து ஒரு முறை. பிறகு மாற்றிவைத்து இன்னொரு முறை. பலகையின் எடையைக் கழித்துவிட்டால் போதும். தலை நிமிர்ந்திருக்கும்போது முன்கால்களில் 44 கிலோ, பின்கால்களில் 74. தலையை மடித்த பிறகு முன்னால் 52, பின்னால் 66. முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் இடையே 127 செ.மீ. பின்கால் எடையை மொத்த எடையால் வகுத்து 127-ஆல் பெருக்கினால் முன்காலிலிருந்து நடுப்புள்ளி எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். பெட்டியின் முன்முகத்திலிருந்து கணக்கிட்டால் தலை நிமிர்ந்தபோது ஏறக்குறைய 81 செ.மீ., மடித்தபோது 73.

இப்போது வண்டியைப் பார்ப்போம். கைப்பிடி முன்முகத்தை முட்டி நிற்கும்போது வண்டியின் கடைசிச் சக்கரம் முன்முகத்திலிருந்து 66 செ.மீ. உள்ளே இருக்கிறது. நான் தலையைக்கூட மடிக்காமல் தூக்கியிருக்கிறேன், அதாவது 15 செ.மீ. சக்கரத்துக்கு வெளியே. மடித்திருந்தாலும் 7 செ.மீ. வெளியேதான். வண்டியின் சொந்த எடை 35 கிலோ, அது மட்டும்தான் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க. கவிழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

இன்னொரு விஷயமும் அளந்த பிறகுதான் உறைத்தது. கத்தரிக் கைகளின் ஒரு முனை கைப்பிடிப் பக்கத்தில் அச்சில் நிலையாக மாட்டியிருக்கிறது. மறுமுனைதான் அந்த உருளை. மேசை ஏற ஏற உருளை அச்சை நோக்கி நகர்ந்து வரும். என் வண்டியில் தாழ்ந்த நிலையில் அச்சுக்கும் உருளைக்கும் 66 செ.மீ. இடைவெளி. மெஷினின் அடியைத் தொடும் உயரத்தில் அது 52. முழுதாக ஏற்றினால் 25 செ.மீ.தான். மேசை அதே 70 செ.மீ. நீளம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் உயரம் கூடக் கூட அதன் கடைக்கோடி ஆதரவில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே எடையை வைத்தால் கைகள் முறுக்கிக்கொள்ளும்.

ஆக, வண்டியை இன்னும் 40 செ.மீ. உள்ளே தள்ள வேண்டும். தடையாக இருப்பது கைப்பிடி. அதை மடக்கும்படி கீல் போடலாமா என்று யோசித்தேன். ஆனால் கீலில் ஆட்டம் இருக்கும், 118 கிலோவைத் திருப்பும்போது கைப்பிடி ஆடினால் பிடிக்காது. கைப்பிடியையே 40 செ.மீ. வெளியே தள்ளி மாட்டுவது என்று தீர்மானித்தேன்.

கைப்பிடி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு போல்ட்டில் அடிச்சட்டத்தோடு நின்றது, கழற்றுவது சுலபம். 40×40 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. 20 செ.மீ. அடிச்சட்டத்தின்மேல் படிய, 40 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய முனையில் பழைய கைப்பிடி. திரும்பும் சக்கரங்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. குழாய் சட்டத்தின்மேல் உட்கார்ந்ததால் சக்கரம் சுற்றுவதற்கு இடைஞ்சல் இல்லை. பக்கவாட்டில் மாட்டியிருந்தால் இடித்திருக்கும். முதலில் குறுக்குக்குழாய் இல்லாமல் மாட்டிப் பார்த்தேன். வண்டியைத் திருப்பினால் கைப்பிடி ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போனது. இரண்டு குழாய்களின் முனையையும் இணைத்து ஒரு குறுக்குத்துண்டை வெல்டிங் வைத்த பிறகு அசைவு நின்றது. எனக்கு வெல்டிங் வராது, தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்தது. பத்து நிமிட வேலை.

பெடல் இப்போது மெஷினுக்கு அடியில் 40 செ.மீ. உள்ளே போய்விட்டது. காலை நீட்டி மிதிக்கலாம், ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு பெட்டி விளிம்பில் இடிக்கிறது. பெடல் கம்பியின்மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீட்டினேன். மிதிக்க வெண்ணெய் மாதிரி லேசாகிவிட்டது. ஆனால் நெம்புகோல் நீண்டால் அதன் முனை ஓடும் தூரமும் நீளுமே, பாதி மிதியிலேயே குழாய் தரையைத் தொட்டது. பம்பு பாதி அடிதான் அடித்தது. முன்பு 20 மிதியில் ஏறிய உயரத்துக்கு 45 மிதி. குழாயைப் பட்டறையில் சூடுபண்ணி, முனை மேல்நோக்கி நிற்கும்படி 25 பாகை வளைத்து வாங்கினேன். இப்போது 24 மிதி, போதும்.

அடுத்தது இறக்கும் லீவர். கைப்பிடியிலிருந்து பம்பின் வால்வுக்கு ஒரு கேபிள் போகிறது, அது 40 செ.மீ. குறைந்தது. சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்று, உறையோடு, கூடவே இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு. இதை மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. இதனால் வந்த தொல்லை ஒரு வாரம்.

மாட்டிய பிறகு மேசையில் மணல் மூட்டைகளை ஏற்றி, ஏற்றி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மேசை கையளவு இறங்கியிருந்தது. மறுபடி ஏற்றி, பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் 3 செ.மீ. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்குகிறது. பம்புக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். எண்ணெய் முழுக்க வடித்து, புதிதாக ஜாக் ஆயில் ஊற்றினேன். (பிரேக் ஆயில் கைவசம் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும்.) லீவரை அழுத்திப் பிடித்தபடியே பெடலை 15 தடவை மிதித்து உள்ளே இருந்த காற்றை எடுத்தேன். அப்படியும் இறங்கியது. சீல் செட் வாங்கினேன். பம்பைக் கழற்றுவதற்காகக் கேபிள் முனையை வால்வுக் கொக்கியிலிருந்து விடுவித்தபோது, அந்தக் கொக்கி டக்கென்று ஒரு 2 மி.மீ. பின்னால் போய் உட்கார்ந்தது.

அந்த டக் சத்தம்தான் மொத்தக் கதையும். கேபிளை நான் விறைப்பாகக் கட்டியிருக்கிறேன். வால்வு ஒருபோதும் முழுசாக மூடவே இல்லை. திருகை மூன்று சுற்றுத் தளர்த்தி, லீவரில் சுண்டுவிரல் கனத்துக்குச் சும்மா ஆட்டம் விட்டேன். அன்றிரவு முழுக்க மூட்டைகளோடு நின்ற மேசை காலையில் அளந்தபோது அதே இடத்தில் இருந்தது. வாங்கிய சீல் செட் இன்னும் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

லீவருக்கு அடியில் ஒரு சின்ன மரத்துண்டையும் ஒட்டினேன். எடையோடு இருக்கும்போது லீவரை முழுக்க அழுத்தினால் மேசை விழுகிற மாதிரி இறங்கும். மரத்துண்டு இருப்பதால் லீவர் பாதிக்கு மேல் போகாது, மேசையும் நிதானமாக இறங்குகிறது. இந்த மொத்த வேலையிலேயே செலவில்லாத திருத்தம் இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மறுபடி பலகைக்கு வந்தேன். 110 செ.மீ. பலகையை அறுத்து 70 ஆக்கினேன், மேசை அளவு. ஆனால் 42 செ.மீ. அகலப் பலகை 56 செ.மீ. பெட்டியின் நடுவில் மட்டும்தான் தாங்கும். பெட்டியின் அடிப்பலகை பக்கப்பலகைகளில் வெட்டிய காடிக்குள் செருகி ஒட்டியது. நடுவில் மட்டும் தூக்கினால் மொத்த எடையும் அந்தக் காடியின் பசைமேல் தொங்கும். ஈரம் குடித்த பழைய பெட்டியாக இருந்தால் அடிப்பலகை மட்டும் மேலே வந்து, மெஷின் கீழேயே நிற்கும். தூக்க வேண்டியது பக்கப்பலகைகளின் அடிவிளிம்பில். அதற்கு 56 செ.மீ.க்கு மேல் அகலம் வேண்டும். அவ்வளவு அகலமான எதுவும் முன்கால்களுக்கு நடுவே நுழையாது.

இதற்கு இரண்டு நாள் யோசித்தேன். விடை அசட்டுத்தனமான அளவுக்குச் சுலபம். வண்டி முன்னாலிருந்து போகட்டும், குறுக்குக்கட்டைகள் பக்கத்திலிருந்து போகட்டும். பக்கவாட்டில் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் காலி இடம் இருக்கிறதே!

70 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரமுள்ள கடினமான மரத்தில் 60 செ.மீ. நீளக் கட்டைகள் இரண்டு. பலகையின்மேல் கட்டைக்கு இரண்டு பக்கமும் 25 மி.மீ. எல் ஆங்கிள் துண்டுகளை எதிரெதிராக வைத்துத் திருகி, இடையில் 72 மி.மீ. விட்டேன். கட்டை அந்தக் கால்வாயில் பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நடுவில் ஆங்கிளையும் கட்டையையும் துளைத்து ஒரு 8 மி.மீ. ஊசி, கட்டை பக்கவாட்டில் நகராமல் இருக்க. முதல் கட்டையின் மையம் மேசையின் கைப்பிடி முனையிலிருந்து 8 செ.மீ., இரண்டாவது 52 செ.மீ. இரண்டாவது அங்கே இருப்பதற்குக் காரணம் அந்த உருளைதான். தூக்கும் உயரத்தில் உருளை கிட்டத்தட்ட அதற்கு நேர் கீழே வந்து நிற்கிறது. கணக்குப் போட்டால் கட்டைகளின் நடு, பெட்டி முன்முகத்திலிருந்து 72 செ.மீ. மெஷினின் நடுப்புள்ளி தலை மடித்தபோது 73. வண்டிச் சக்கரங்கள் 48-லும் 106-லும். இவ்வளவு ஒட்டி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கட்டை எந்த இடத்தில் தொடுகிறது என்பதை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் மின்சுவிட்ச் பெட்டிக்கு அடியில் முன்வலது மூலையில் இருக்கிறது, அடிப்பலகையில் ஒலிபெருக்கிக்கான துளைகளும் உண்டு. என் கட்டைகள் இரண்டையும் தவிர்த்தே போகின்றன.

கட்டைகளின்மேல் முதலில் கம்பளம் ஒட்டியிருந்தேன், பெயிண்ட் உரியாமல் இருக்க. வேனுக்குள் தள்ளும்போது மெஷின் ஒரு அங்குலம்கூட நகரவில்லை; இன்னும் பலமாகத் தள்ளியபோது மெஷின் நிற்க, வண்டி பின்னால் உருண்டது. கம்பளத்தைப் பிய்த்துவிட்டு, வெள்ளை பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை ஒன்றை 70 மி.மீ. பட்டைகளாக அறுத்து, தலை அமிழும் திருகுகளால் பதித்தேன். அது பாலிஎதிலீன், வழுக்கும், பெயிண்டையும் தொடாது. இப்போது இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாலே நகர்கிறது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. உருட்டிக்கொண்டு போகும்போதும் அப்படியே வழுக்கும். அதனால் ராட்செட் பட்டையால் பெட்டியை வண்டியோடு சேர்த்து இறுக்காமல் ஒரு அடிகூட நகர்த்துவதில்லை.

நேற்று செய்த வரிசை இது. முதலில் விளையாட்டுப் பலகையை மூடியிருக்கும் கண்ணாடியை உருவி, பந்துகளை எல்லாம் எடுத்தேன். ஒவ்வொன்றும் 27 மி.மீ. இரும்புக் குண்டு, 80 கிராம். உள்ளே உருண்டு திரிந்தால் விளையாட்டுப் பலகையை ஒரு வழி பண்ணிவிடும். மெஷினை யாராவது ஆட்டினால் காட்டிக்கொடுக்கும், தொங்கும் டில்ட் குண்டையும் கழற்றிக் காசுப்பெட்டியில் போட்டேன். பெட்டியின் இரண்டு பக்க மேல்விளிம்பிலும் ஓடும் உலோகப் பட்டைகளில் போர்வையை விரித்து, பூட்டைத் திறந்து தலையை மடித்து, பட்டையால் கட்டினேன். வண்டியை உள்ளே தள்ளி, கட்டைகளைப் பக்கத்திலிருந்து செருகி, ஊசி போட்டு, மிதித்தேன். பாதங்கள் தரையை விட்டு 2 செ.மீ. எழுந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேல் தூக்கக் கூடாது. அந்த உயரத்தில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மெஷினின் சொந்தக் கால்களே தாங்கிக்கொள்ளும். அறைக்குள் இடம் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் இதோடு சரி, கால்களைக் கழற்றவே வேண்டாம்.

கழற்றுவதென்றால் 5/8 அங்குல ஸ்பேனர். போல்ட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. ஒரு காலுக்கு இரண்டு. நாலு கால்களும் வந்ததும் ஒரு நிமிடமும் வைத்திருக்காமல் மேசையை அடிவரை இறக்கினேன். உயரத்தில், கால்கள் இல்லாமல் இருக்கும் அந்தச் சில நொடிகள்தான் பயப்பட வேண்டிய நேரம். சக்கரங்களின் பக்கவாட்டு இடைவெளி 38 செ.மீ., அதாவது நடுவிலிருந்து 19 செ.மீ.தான். எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று பாகைச் சாய்வே கவிழ்க்கப் போதும். அதனால் சரிவில் எப்போதும் நீளவாக்கில்தான் உருட்ட வேண்டும், குறுக்கே போகவே கூடாது.

வேன் பக்கத்தில் சமதரையில் நிறுத்தி, வண்டியை வேனோடு ஒரு பட்டையால் கட்டி, வேன் தரையைவிட ஒரு செ.மீ. மேலே ஏற்றி, தலைப்பக்கத்தை முன்னால் விட்டுத் தள்ளினேன். கட்டாமல் தள்ளினால் பிரேக் போட்ட இரண்டு சக்கரமும் வழுக்கி, வேனுக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி விழும். கம்பள நாளில் அதைப் பார்த்துவிட்டேன்.

செலவைச் சொன்னால், குழாய், வெல்டிங், மரம், கேபிள், ஆங்கிள், காய் நறுக்கும் பலகை எல்லாம் சேர்ந்து வண்டி விலையில் கால் பங்குக்குள் முடிந்தது. வீணான பிளைவுட், கம்பளம், எண்ணெய், பிரிக்காத சீல் செட் இவற்றைக் கூட்டினால் அதற்கு மேல் இன்னொரு கால் பங்கு.

இன்னொரு வண்டி செய்தால் முதல் நாளே எடைக்கருவியைத்தான் எடுப்பேன், டேப்பும் பிளைவுட்டும் அப்புறம். சக்கரத்தையும் மாற்றுவேன். இப்போது இருக்கும் 10 செ.மீ. சக்கரம் ஒரு செ.மீ. வாசல்படியில்கூட முரண்டுபிடிக்கிறது, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துத்தான் தாண்டினேன். 15 செ.மீ. சக்கரம் போட்டால் மேசையின் தாழ்ந்த உயரமும் 5 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட ஏறும், அதற்கு இடம் இருக்கிறது. பிரேக் இருக்கும் சக்கரங்கள் பெடலைப் போலவே 40 செ.மீ. உள்ளே போய்விட்டதை வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தேன். இப்போதைக்குத் துடைப்பக் கட்டையால் குத்திப் பிரேக் போடுகிறேன், அதே கட்டையால் நெம்பி எடுக்கிறேன். கட்டை ஊசிகள் இரண்டையும் நூலில் கட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறேன், ஒன்றை ஏற்கெனவே புல்லில் தொலைத்தாயிற்று.

அடுத்து நகர்த்த வேண்டியது இதைவிடப் பழைய மெஷின். அதன் தலை மடங்காது. உள்ளே போல்ட்டைக் கழற்றி, இணைப்புகளை உருவி, தலையைத் தனியாக இறக்க வேண்டும். தலை இல்லாமல் நிறுத்துப் பார்த்துவிட்டேன். முன்கால்களில் 43 கிலோ, பின்கால்களில் 46. நடுப்புள்ளி முன்முகத்திலிருந்து 68 செ.மீ. கட்டைகளின் நடு 72. வண்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.